களிமண் எழுத்துகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஐரோப்பாவில் அச்சுக்கலையைத் தொடங்கிய கூட்டன்பர்குக்கு 400 ஆண்டுகள் முன்பே சீனர்கள் தனித்தனி எழுத்துகளைக் கோத்து அச்சிட்டார்கள் என்கிறார்கள். பிறகு ஏன் அதைக் கைவிட்டார்கள்? களிமண் எழுத்து உடைந்துபோயிருக்கும் என்பது என் ஊகம். சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உடைந்ததால் அல்ல.

நமக்கிருக்கும் சாட்சி பதினோராம் நூற்றாண்டுச் சீன அறிஞர் ஷென் குவோவின் குறிப்பு ஒன்றுதான். 1041–1048 காலத்தில் பி ஷெங் என்ற, பதவி ஏதுமில்லாத மனிதர் செய்த வேலை இது. பசைக் களிமண்ணில் காசின் விளிம்பளவு மெல்லிதாக எழுத்தை வெட்டித் தீயில் சுட்டார். இரும்புத் தட்டில் பைன் பிசின், மெழுகு, காகிதச் சாம்பல் கலந்து பரப்பி, மேலே இரும்புச் சட்டம் வைத்து, எழுத்துகளை அதற்குள் நெருக்கி அடுக்கினார். தட்டைச் சூடாக்கினால் கலவை இளகும். அப்போது பலகையால் அழுத்தினால் எல்லா முகமும் ஒரே மட்டத்துக்கு வரும். சுட்ட மண் சீராகச் சுருங்காது. அந்தக் கோணலை விழுங்கிக்கொள்வது இந்த மெழுகுப் படுகைதான். அச்சிட்டதும் மறுபடி சூடாக்கிக் கையால் தடவினால் எழுத்துகள் உதிரும். தட்டுகள் இரண்டு: ஒன்றில் அச்சாகும்போது மற்றதில் எழுத்துக் கோக்கும் வேலை நடக்கும். 'ஜி', 'யே' போல அடிக்கடி வரும் சீன எழுத்துகளில் ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கும் மேல் அச்சுகள். அரிய எழுத்து என்றால் அங்கேயே வெட்டி வைக்கோல் தீயில் சுடவேண்டியது. மரத்தை அவர் தொடவில்லை: நாரோட்டம் சீராக இராது, ஈரம்பட்டால் மட்டம் மாறும், கலவையோடு ஒட்டிக்கொண்டு பிரியாது.

ஷென் குவோவே கணக்கையும் சொல்லிவிடுகிறார். இரண்டு மூன்று பிரதிக்குக் கட்டாது; நூறு, ஆயிரம் என்றால் அசுர வேகம். சிக்கல் அங்கேதான். செதுக்கிய மரப்பலகையை அடுக்கி வைத்துவிட்டால் இந்த வருடம் ஐம்பது பிரதி, கேட்பவர் வந்தால் பத்து வருடம் கழித்து இன்னும் ஐம்பது. திருத்திய பிழை திரும்பி வராது. இயந்திரமும் தேவையில்லை, மை தடவி, மெல்லிய தாளைப் போட்டு, முதுகில் தூரிகையால் தேய்த்தால் முடிந்தது. 971இல் தொடங்கிச் செங்டுவில் செதுக்கிய பௌத்தத் திரிபிடகத்துக்குச் சுமார் 1,30,000 பலகைகள்! கோத்த எழுத்தையோ கலைத்தாகவேண்டும். மறுபதிப்பு என்றால் முதலிலிருந்து.

'கைவிட்டார்கள்' என்பதும் சரியில்லை. 1298இல் ஜிங்டே மாவட்ட அதிகாரி வாங் சென், மரத்திலேயே முப்பதாயிரத்துக்கும் மேல் எழுத்துகளைச் செய்வித்தார். மெழுகுக்குப் பதில் மூங்கில் பட்டையும் மர ஆப்பும் வைத்து இறுக்கினார். சுழலும் வட்ட மேசைகளில் எழுத்துகள். ஒருவர் பட்டியலைப் பார்த்துக் கூவ, நடுவில் உட்கார்ந்தவர் மேசையைத் திருப்பி எடுப்பார். நடந்து நடந்து தேடவேண்டாம், எழுத்து ஆளிடம் வரும். ஜிங்டே மாவட்ட வரலாற்றை, அறுபதாயிரத்துக்கும் மேல் எழுத்துள்ள நூலை, ஒரு மாதத்துக்குள் நூறு பிரதி போட்டார்.

உண்மையில் அவர் அந்த எழுத்துகளைச் செய்தது தன்னுடைய வேளாண்மை நூலுக்காக. ஜியாங்சிக்கு மாற்றலாகிப் போனார். அங்கே அந்த நூலுக்குப் பலகை செதுக்கும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. எழுத்துகளைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டார்.