நியாயப்பிரமாணத்தை (மோசே வழியாக வந்த சட்டத்தை) கைக்கொள்ளாமல் விசுவாசத்தால் ஒருவர் நீதிமான் ஆவது எப்படி?

இதற்கு அப்போஸ்தலர் பவுல் தம் நிருபங்களில் சொல்லும் வாதம் ஒரு வயதுக் கணக்கில் நிற்கிறது. அவர் எழுதியதிலேயே கூர்மையான இடம் அதுதான் என்பேன். ஆதியாகமம் 15இல், நட்சத்திரங்களைப் போலச் சந்ததி பெருகும் என்ற வாக்கை ஆபிரகாம் நம்புகிறார். அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம் (நுனித்தோலை நீக்குதல்) வருவதோ 17ஆம் அதிகாரத்தில், அவருடைய 99ஆவது வயதில். நடுவில், ஆபிரகாமின் 86 வயதில், அவர் மகன் இஸ்மவேல் பிறந்துவிடுகிறான். ஆக, நீதியாக எண்ணப்பட்டதற்கும் விருத்தசேதனத்துக்கும் இடைவெளி குறைந்தது 13 ஆண்டுகள். நியாயப்பிரமாணம் வாக்குத்தத்தத்துக்கு 430 ஆண்டுகளுக்குப் பின் வந்தது என்றும் பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். பின்னால் வந்த சட்டம், முன்பே கிடைத்த நீதிக்கு எப்படி நிபந்தனையாகும்?

ரோமர் 4இல் கூலியையும் இழுக்கிறார்: வேலை செய்தவனுக்குக் கொடுப்பது கடன், கிருபையல்ல (இலவச ஈவு அல்ல); நீதியோ விசுவாசிப்பவனுக்குக் கிருபையாகக் கிடைக்கிறது. அப்படியானால் இஷ்டம்போலப் பாவம் செய்யலாமா? இந்தக் கேள்வி அன்றே எழுந்தது. ரோமர் 6 முழுக்க அதற்கான மறுப்புதான்.