நிதி நின்னா நெட்டும் நின்னுடணுமா?

கேள்வி: சார், நாங்க பத்து பேர் சேர்ந்து மானியப் பணத்துல கம்யூனிட்டி வைஃபை போட்டோம். மூணு வருஷம் நல்லா ஓடுச்சு, இப்ப மானியம் முடிஞ்சுது, டவர் ஒவ்வொண்ணா அணையுது. என்ன பண்றது?

பதில்: படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சுங்க. கருவி வாங்க காசு கிடைக்கும், பேட்டரி மாத்தத்தான் யாரும் தர மாட்டாங்க. லெட் ஆசிட் பேட்டரி மூணுலேருந்து அஞ்சு வருஷத்துல போயிடும், கேபிள் முனையில தண்ணி இறங்கி பச்சை பூத்துக் கிடக்கும், ஏறிப் பாக்கத் தெரிஞ்ச ஒரே பையன் வேற வேலைக்குப் போயிருப்பான். அதனால முதல்ல இன்னும் ரெண்டு பேருக்காவது அந்த வேலையைக் கத்துக் குடுங்க, பாஸ்வேர்டெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைங்க.

காசுக்கு வர்றேன். தென்னாப்பிரிக்காவுல மன்கோசிங்கிற கிராமப் பகுதியில ஜனங்களே நடத்துற ஜென்செலேனி நெட்வொர்க்கை 2014ல கூட்டுறவு சங்கமாவே பதிவு பண்ணாங்க, சோலார் கரண்ட்ல ஜனங்களுக்கு போன் சார்ஜ் போட்டுக் குடுத்தும் வருமானம் பாத்தாங்க. ஸ்பெயின்ல கட்டலோனியாவுல 2004ல தொடங்குன கிஃபி நெட்டுங்கிற கம்யூனிட்டி நெட்வொர்க்ல, அந்த லைனை வச்சு வியாபாரம் பண்ற கம்பெனிகளும் செலவுல பங்கு போடணும்னு கணக்கு வச்சிருக்காங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்.

சந்தா கேக்க கூச்சப்படாதீங்க. இலவசமா குடுத்ததுக்கு திடீர்னு காசு கேக்குறது சங்கடம்தான், ஆனா வரவு செலவைத் திறந்து காட்டிட்டுக் கேளுங்க, குடுப்பாங்க. அதுல ஒரு பங்கு பேட்டரிக்குன்னே தனியா இருக்கட்டும். ஜனங்க அதிகமா பயன்படுத்துற டவர் எதுன்னு பாத்து அதை முதல்ல காப்பாத்துங்க, மத்தது அப்புறம்.