சி நிரலில் ஒரே நேரத்தில் பல தரவிறக்கங்கள்: கேள்வி பதில்

சி நிரலிலிருந்து இணையக் கோப்புகளை இறக்க உதவும் லிப்கர்ல் என்ற நூலகம் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். ஃபங்ஷன் பெயர்களின் முன்னால் வரும் ‘கர்ல்’ என்பதை விட்டே எழுதுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு கம்பஸ் மாணவர்: அண்ணா, 50 கோப்புகளை ஒன்றாக இறக்க வேண்டும். 50 த்ரெட் (ஒரே நிரலுக்குள் ஒன்றாக ஓடும் தனித்தனி ஓட்டங்கள்) போடவா?

வேண்டாம் தம்பி. பின்னேரத்தில் காலி வீதிப் பக்கம் அப்பக்கடையைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பில் ஆறு தாச்சி இருந்தாலும் ஆள் ஒருவர்தான். ஒன்றில் மாவை ஊற்றிச் சுழற்றி மூடிவிட்டு அடுத்ததற்குப் போவார். வேகும் நேரத்தில் அவருக்கு அங்கே வேலை இல்லை. தரவிறக்கமும் அப்படித்தான், பெரும்பகுதி காத்திருப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு தரவிறக்கத்தைக் கவனிக்கும் ‘ஈசி ஹேண்டில்’ செய்து, அவற்றை ஒன்றாக நடத்தும் ஒரே ‘மல்டி ஹேண்டிலில்’ மல்டி ஆட் ஹேண்டில் ஃபங்ஷனால் சேருங்கள். ஒரு த்ரெட், ஒரு லூப் போதும்.

தெஹிவளையிலிருந்து: அந்த லூப்பில் மல்டி பெர்ஃபார்மைப் போட்டேன். சிபியு 100 வீதத்தில் நிற்கிறதே?

பெர்ஃபார்ம் காத்திருக்காது. அந்தக் கணம் முடிந்ததைச் செய்துவிட்டுத் திரும்பிவிடும். அதன் பின் காத்திருப்பதற்கான ‘மல்டி போல்’ ஃபங்ஷனைப் போட்டு 1000 மில்லிசெக்கன் கொடுங்கள். தரவு வந்தால் அது உடனே எழும்பிவிடும், அதனால் வேகம் குறையாது. 2019இல் வந்த 7.66.0 பதிப்பிலிருந்து இது இருக்கிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கை: எது முடிந்தது என்று எப்படி அறிவது? ஒரு கோப்பு முடிந்ததும் சில நேரம் நிரல் விழுந்துவிடுகிறது.

தங்கச்சி, தொடங்குவது சுலபம். முடித்து வைக்கும் ஒழுங்கில்தான் எல்லாம் இருக்கிறது. மல்டி இன்ஃபோ ரீட் ஒரு செய்தியின் பாயின்டரைத் தரும். அதில் ‘டன்’ என்று இருந்தால் முதலில் ஈசி ஹேண்டிலையும் முடிவு எண்ணையும் உங்கள் மாறிகளில் பிரதி எடுங்கள். பிறகுதான் மல்டி ரிமூவ் ஹேண்டில். அதை அழைத்த பின் அந்தப் பாயின்டர் காட்டும் இடம் செல்லாது. ஒருமுறை நான் ரிமூவ் செய்துவிட்டு முடிவு எண்ணைப் படித்தேன். என் கணினியில் ஓடியது, சேர்வரில் விழுந்தது. இரண்டு இரவு தேடி அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தேன். உங்கள் நிரலிலும் முதலில் அங்கே பாருங்கள்.

ரிமூவுக்குப் பிறகு கோப்பை மூட எஃப்குளோஸ், கடைசியில் ஹேண்டிலை விடுவிக்க ஈசி கிளீனப். எந்தக் கோப்பு என்று அறிய, தொடங்கும்போதே ‘பிரைவேட்’ ஆப்ஷனில் உங்கள் ஸ்ட்ரக்டின் பாயின்டரை வைத்து, முடிந்ததும் ஈசி கெட்இன்ஃபோவால் எடுங்கள். இன்னொன்று: கோப்பு இல்லை என்று சேர்வர் 404 அனுப்பினாலும் முடிவு எண் ‘ஓகே’ என்றே வரும். ரெஸ்பான்ஸ் கோடைத் தனியே பார்க்காவிட்டால் பிழைப் பக்கம்தான் கோப்பில் கிடக்கும்.

வத்தளையிலிருந்து: ஒரே சேர்வரில் 5000 படங்கள் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சேர்க்காதீர்கள். பல லினக்ஸ் கணினிகளில் ஒரு நிரல் திறந்து வைக்கக்கூடிய கோப்புகளின் வரம்பு 1024, இணைய இணைப்புக்கான சாக்கெட்டும் அதில் அடங்கும். 20 சேருங்கள், ஒன்று முடிய அடுத்ததைச் சேருங்கள். மல்டி ஹேண்டில் பழைய இணைப்பையே திரும்பப் பயன்படுத்துவதால் டிஎல்எஸ் கைகுலுக்கல், அதாவது பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் பேச்சு, ஒவ்வொரு முறையும் நடக்காது. சேர்வரை நடத்துபவருக்கும் அது மரியாதை. உண்மையிலேயே ஆயிரக்கணக்கில் ஒன்றாக ஓட வேண்டுமென்றால் பல சாக்கெட்டுகளை ஒன்றாகக் கவனிக்கும் லினக்ஸ் வசதியான ‘ஈபோலுடன்’ மல்டி சாக்கெட் ஆக்‌ஷன் ஃபங்ஷனுக்குப் போங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: போன் ஹாட்ஸ்பாட்டில் ரயிலில் வரும்போது ஒன்று மட்டும் தொங்கி நிற்கிறது. டைம்அவுட் போடவா?

மொத்த நேரத்துக்கு டைம்அவுட் போட்டால் நன்றாக இறங்கிக்கொண்டிருக்கும் பெரிய கோப்பும் வெட்டுப்படும். லோ ஸ்பீட் லிமிட் செக்கனுக்கு 100 பைட், லோ ஸ்பீட் டைம் 30 செக்கன் என்று வையுங்கள்; அவ்வளவு நேரம் வேகம் அதற்குக் கீழே இருந்தால்தான் வெட்டும். உண்மையில் நின்றுபோனது மட்டும் 28 என்ற பிழை எண்ணுடன் வெளியே வரும். அந்த ஹேண்டிலை ரிமூவ் செய்து, இறங்கிய அளவை ‘ரெஸ்யூம் ஃப்ரம் லார்ஜ்’ ஆப்ஷனில் கொடுத்துத் திரும்பச் சேருங்கள். மற்றவை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.