பட்ஜி ஆணா, பெண்ணா, வயசு என்ன? கேள்வி பதில்

வில்லிவாக்கத்தில் மொட்டை மாடிக் கூண்டில் பல வருஷமாக பட்ஜி (பட்ஜரிகர் என்னும் சின்னக் கிளி) வளர்க்கிறேன். போட்டோவைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள். டியூப்லைட்டில் மூக்கின் (அலகுக்கு மேலே துவாரம் இருக்கும் சதைப் பகுதி) நிறம் மாறித் தெரியும்.

அண்ணா, ஜோடி என்று கொடுத்தார்கள். இரண்டுக்கும் மூக்கு ரோஸ். எது ஆண்? (பெரம்பூர்)

தம்பி, முதலில் நெற்றியைப் பாருங்கள். கறுப்புக் கோடுகள் மூக்கு வரை இறங்கியிருக்கின்றன, அப்படியென்றால் நாலு மாதம்கூட ஆகாத குஞ்சுகள். முதல் தடவை இறகு உதிர்த்ததும் கோடு போய் நெற்றி வெறுமையாகிவிடும். கண்ணும் இப்போது முழுக் கறுப்பு, இனிமேல்தான் கருமணியைச் சுற்றி வெளிறிய வளையம் வரும், எட்டு மாதத்துக்குள் நன்றாகத் தெரியும். இந்த வயசில் ஆணுக்கு மூக்கு முழுக்க ஒரே சீரான ரோஸ் அல்லது ஊதா. பெண்ணுக்கு வெளிர்நீலமோ வெண்மையோ இருக்கும், மூக்குத் துவாரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். வளர்ந்த ஆணுக்கு மூக்கு நீலமாகும். அதை வைத்து நீலம் என்றால் ஆண் என்று மனப்பாடம் செய்தவர்கள் அந்த வெளிர்நீலத்தைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். உங்களுடைய இரண்டும் ஆண். சண்டையில்லாமல் இருக்கும், மாற்ற வேண்டாம்.

முழு மஞ்சள், சிவப்புக் கண், ஒரு வயசாகியும் மூக்கு ரோஸாகவே இருக்கிறது. (குரோம்பேட்டை)

இந்த நிற வகைக்கு லுட்டினோ என்று பெயர், இது ஆண். அதற்கு ஆயுசுக்கும் நீலம் வராது. முழு வெள்ளையாக, சிவப்புக் கண்ணோடு இருக்கும் அல்பினோவும் அப்படித்தான்.

நெற்றியில் கோடு இல்லை, கண்ணில் வளையம் இருக்கிறது. சரியான வயசு? (அம்பத்தூர்)

வளர்ந்த பறவை, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரு வயசுக்கும் நாலு வயசுக்கும் வெளியே வித்தியாசம் தெரியாது. காலில் வருஷம் பொறித்த வளையம் இருந்தால் அதைப் படியுங்கள்.

பச்சைக்கிளிக்கும் இப்படிப் பார்க்கலாமா?

நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

மூக்கெல்லாம் எதற்கு? அடிவயிற்று எலும்பைத் தொட்டால் போதும், இடைவெளி இருந்தால் பெண். நான் பத்து வருஷமாக பிரீடிங் செய்கிறேன். (ராயபுரம்)

முட்டையிடும் பருவத்துப் பெண்ணுக்கு அந்த இடைவெளி விரியும், அது உண்மை சார். குஞ்சிலும், பருவத்தில் இல்லாத பெண்ணிலும் விரல் ஏமாற்றும். தெரியாதவர் கை அழுத்தினால் பறவைக்கு மூச்சு திணறும், நெஞ்சு விரிந்தால்தான் அதற்கு மூச்சே.

என் கை தப்பியதில்லை. ஆறு மாதத்திலேயே பார்த்து, முட்டையிடப் பானை வைத்துவிடுவேன்.

அதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஆரம்ப காலத்தில் நானும் ஆறு மாதப் பெண்ணுக்குப் பானை வைத்தேன். முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டது. கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் போனது. ராத்திரி முழுக்கத் துணியில் சுற்றிக் கதகதப்பாக வைத்திருந்தேன், விடிவதற்குள் போய்விட்டது. ஒரு வருஷம் ஆகாமல் பானை வைக்காதீர்கள், சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் தொங்கட்டும். உங்கள் கை தப்பாமலே இருக்கட்டும் சார், அந்தக் குஞ்சின் உடம்பு தயாராக இல்லை என்பதுதான் என் பேச்சு.

இது ஆணா பெண்ணா? (போட்டோ)

ராத்திரி எடுத்தது. பகலில் எடுங்கள்.

நீல மூக்கு, நாள் முழுக்கப் பாடுகிறது, ஒரு வயசு. ஆண்தானே?

ஆண். முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

பெண்ணின் மூக்கு பழுப்பாகி மேல்தோல் உரிகிறது.

முட்டைப் பருவம். பிய்க்காதீர்கள். அலகு ஓரத்திலும் காலிலும் தேன்கூடு மாதிரி வெள்ளைப் பொருக்கு இருந்தால் மட்டும் பூச்சி, அதற்கு டாக்டர் மருந்து வேண்டும். பானை வைக்கப் போகிறீர்களா? வயசைச் சொல்லுங்கள் முதலில்.

நாலு வயசு ஆண். நீல மூக்கு ஒரு மாதமாகப் பழுப்பாகிறது. ஆண் என்று தப்பாகச் சொல்லிவிட்டார்களா? (மடிப்பாக்கம்)

இல்லை அக்கா, அது ஆண்தான். வளர்ந்த ஆணுக்கு நீலம் பழுப்பானால் விந்தகத்தில் கட்டி இருக்கலாம், அதிலிருந்து பெண் ஹார்மோன் சுரப்பதால் நிறம் மாறும். ஒரு காலை ஊன்றாமல் தூக்குகிறதா என்று பாருங்கள், கட்டி நரம்பை அழுத்தினால் அப்படி ஆகும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நாளைக் காலையிலேயே கொண்டுபோங்கள், கூண்டைத் துணியால் மூடி, குலுங்காமல்.