குதிரையை எங்கே காணோம்?

மதிப்பிற்குரிய ஐயா,

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். வருகிற பருவத்தில் முதுகலை முதலாண்டுக்கு இலக்கியக் கோட்பாடு நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பதினெட்டு இசங்களை, அதாவது இலக்கியத்தை அணுகும் கொள்கைகளை, அத்தியாயத்துக்கு ஒன்றாகச் சுருக்கித் தரும் தமிழ் நூல் ஒன்று கைவசம் உள்ளது. தேர்வுக்கும் அது வசதி. மூலக் கட்டுரைகள் கொண்ட டேவிட் லாட்ஜின் ஆங்கிலத் தொகுப்பை நண்பர் ஒருவர் பரிந்துரைத்தார். ஆனால் எங்கள் மாணவர்கள் கிராமத்துப் பிள்ளைகள்; அவர்களுக்கு அது தாங்காது என்று அஞ்சுகிறேன். எதை வைக்கலாம்? தொல்காப்பியத்தையும் சேர்க்க வேண்டுமா? கோட்பாட்டின் காலமே முடிந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

ஒரு வாசகி

அன்புள்ள பேராசிரியருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். கோட்பாட்டின் காலம் முடிந்தது என்பவர்கள் உழுது அறுத்துக் களத்தையும் கூட்டியவர்களாக இருக்கலாம். விதைநெல்லையே பார்க்காத நாம் எதற்கு அவர்களோடு சேர்ந்து துண்டை உதறித் தோளில் போட வேண்டும்? 'தேர்வுக்கும் அது வசதி' என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் என்னை எழுத வைத்தது. சென்ற வாரம் பழைய பெட்டி ஒன்றைக் கிளறியபோது ஒரு ஜெராக்ஸ் கட்டு அகப்பட்டது. அன்று முதல் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் முதுகலை படித்தேன். அந்த ஊருக்குக் கோட்பாடு புதிய விருந்தாளி இல்லை. மார்க்சிய ஆய்வாளர் நா. வானமாமலை 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கி வளர்த்த ஊர். அமைப்பியலைப் பற்றிய தமிழவனின் நூல் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வெளிவந்ததும் அங்கிருந்துதான். ஆகவே டீக்கடை வாசலில் நின்றுகொண்டு சசூர், பார்த் என்று மேலைக் கோட்பாட்டாளர்களின் பெயர்களைப் பேசுவது எங்களுக்கு ஒரு மிடுக்கு. வகுப்பில், இலக்கியத்தின் வடிவத்தையும் உத்தியையும் முதன்மைப்படுத்தும் ரஷ்ய உருவவாதம் பற்றிக் கட்டுரை வாசிக்கும் முறை எனக்கு வந்தது. ஏதோ ஓர் அறிமுக நூலின் ஐந்து பக்கத்தை உருப்போட்டுக்கொண்டு போய், விக்தர் ஷ்க்ளோவ்ஸ்கி 1917இல் பரிச்சயநீக்கம் என்ற கருத்தை முன்வைத்தார், பழகிப்போன பொருளைப் புதிதாய்க் காணச் செய்வதே கலை என்றார் என அரை மணி நேரம் முழங்கினேன். பின்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த எங்கள் வாத்தியார் மெல்லக் கேட்டார்: "எல்லாஞ் சரிதாம்லே. குதிரைய எங்கலே காணோம்?"

எனக்கு எந்தக் குதிரையையும் தெரியாது. வகுப்பு சிரித்தது. மறுநாள் சுருள்கம்பி கோத்த நகல் கட்டு ஒன்றை என் முன்னால் போட்டார். 1988இல் வெளியான, உங்கள் நண்பர் சொன்ன அதே லாட்ஜ் தொகுப்பு. கடைக்காரரின் அவசரத்தில் இடப்பக்க ஓரத்து எழுத்துகள் எல்லாம் விழுங்கப்பட்டிருந்தன. அந்த எழுத்துகளை வாத்தியார் வரிக்கு வரி சிவப்புப் பென்சிலால் எழுதி நிரப்பியிருந்தார்.

ஷ்க்ளோவ்ஸ்கியின் கட்டுரையில் டால்ஸ்டாயின் கதை ஒன்று வருகிறது. கதை சொல்வது ஒரு குதிரை. 'என்னுடையது' என்ற சொல்லின்மீது மனிதர்களுக்கு ஏன் இத்தனை மோகம் என்று அதற்கு விளங்குவதில்லை. ஒரு நிலத்தைத் தன்னுடையது என்கிறவன் அந்த நிலத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான் என்று அது வியக்கிறது. நாம் சிந்திக்காமல் ஏற்றுக்கொண்ட சொத்துரிமை, குதிரையின் கண்வழியே பார்த்ததும் விசித்திரமாகிவிடுகிறது. கருத்துக்கு உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. நான் படித்த சுருக்கமோ முடிவை மட்டும் கட்டி வைத்துக்கொண்டு குதிரையை அவிழ்த்து விரட்டியிருந்தது.

சுருக்கங்கள் எல்லாமே இதைத்தான் செய்கின்றன. ரொலான் பார்த்தின் 'ஆசிரியனின் மரணம்' பால்சாக்கின் கதையிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இதைப் பேசுவது யார் என்று கேட்டுத்தான் தொடங்குகிறது: கதையின் நாயகனா, பால்சாக் என்ற மனிதரா, பால்சாக் என்ற ஆசிரியரா? அந்த வாக்கியத்தோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டியவனுக்குத்தான் மரணம் என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று தெரியும். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் நான் கண்டதோ, 'ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த் அறிவித்தார்' என்ற ஒரே வரி, தாளுக்குத் தாள், நாளிதழில் வரும் நீத்தார் அறிவிப்பைப் போல. அதற்கு மதிப்பெண்ணும் போட்டேன். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

தொல்காப்பியத்தைச் சேர்ப்பதா என்று கேட்டீர்கள். சேருங்கள், அதில் என்ன தயக்கம்? ஆனால் சூத்திரத்தை மட்டும் பெயர்த்து வைக்காதீர்கள். உரையாசிரியர் இளம்பூரணர் காட்டும் பாட்டோடு சேர்த்து வையுங்கள். நன்னூல் பாயிரம் உரையின் கூறுகளாக எண்ணும் 14இல் உதாரணமும் ஒன்று. விரித்துரைக்காத காண்டிகை உரைக்குக்கூடக் கருத்து, பதப்பொருள், காட்டு எனும் உதாரணம் ஆகிய மூன்றும் வேண்டும் என்றுதான் விதி. சுருக்கமாகச் சொல்லும்போதும் காட்டை விடலாகாது என்பது நம் உரைமரபு கண்ட ஒழுங்கு. பதினெட்டு இசத்தையும் காட்டில்லாமல் கட்டிய நூலை அந்த மரபில் வந்தவர்கள் பாடமாக வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி, கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தாங்காது என்கிறீர்களே, அது. பேராசிரியரே, அந்த வரியை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. உங்கள் வகுப்பில் கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்குப் பயிரிடும் வீட்டுப் பிள்ளை ஒருவராவது இருப்பார். வாய்க்காலில் தண்ணீர் எந்த நாழிகைக்கு எந்த மடைக்குத் திரும்பும் என்று அவருடைய தகப்பனாருக்குத் தெரியும். நிலம் மட்டும் அவர் பெயரில் இருக்காது. டால்ஸ்டாயின் குதிரை கேட்கும் கேள்வி பாளையங்கோட்டை டீக்கடையில் மிடுக்காக நின்ற எனக்குப் புரியத் தாமதமானது. அந்தப் பிள்ளைக்கு ஒரு வாசிப்பில் புரியும். தாங்காதது ஆங்கிலம் என்றால், அது உங்கள் வேலை: அந்தப் பத்திருபது பக்கங்களைக் கோடை விடுமுறையில் தமிழாக்குங்கள். பிழைகள் வரட்டும். திருத்திக்கொள்ளலாம்.

எந்த நூல் என்ற கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை, அல்லவா? லாட்ஜை முழுமையாக வைக்க வேண்டியதில்லை. அதிலிருந்து ஷ்க்ளோவ்ஸ்கி, பார்த், அதே ரொலான் பார்த் எட்கர் ஆலன் போவின் கதை ஒன்றை அடியடியாக வாசிக்கும் இன்னொரு கட்டுரை, ஒரு பெண்ணியக் கட்டுரை, இவை போதும். வகுப்புக்கு அந்தத் தொகுப்பின் பொருளடக்கத்தையும் நகலெடுத்துக் கொடுங்கள். ஒரே கட்டுரைகளைக் கால வரிசையில் ஒரு முறையும் பொருள் வரிசையில் இன்னொரு முறையும் அதில் லாட்ஜ் அடுக்கியிருக்கிறார்; வரிசை மாறினால் கதையும் மாறும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். தமிழ்ச் சுருக்க நூல் நூலகத்தில் கிடக்கட்டும், தேர்வுக்கு முந்தைய நாள் உதவும்.

இவற்றுக்கு முன், முதல் நாள் வகுப்பில், எந்த இசத்தின் பெயரையும் சொல்லாமல் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையை உரக்க வாசியுங்கள். 1934இல் வந்த கதை, சில பக்கங்கள்தான். அம்மாளுவின் புருஷன் ஜட்கா வண்டிக்காரன் என்பதால் அங்கேயும் ஒரு குதிரை நிற்கிறது. அதை யாராவது சுட்டினால் சிரித்துவிட்டுக் கடந்து செல்லுங்கள். கடைசி வரியில் கதைசொல்லி, கற்பைப் பற்றிப் பேசுகிறவர்களை நோக்கித் திரும்பி, 'ஐயா' என்று ஒருவரை விளிக்கிறார். அந்த ஐயா யார், கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவிகளையும் அந்த விளி குறிக்குமா என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொன்னதை எனக்கு எழுதுங்கள். ஜெராக்ஸ் கட்டை இந்த வாரம் அஞ்சலில் அனுப்பி வைக்கிறேன். சிவப்பு எழுத்துகள் சில இடங்களில் மங்கியிருக்கின்றன. பென்சிலைச் சீவி வைத்துக்கொள்ளுங்கள்.