16 மாதத்தில் செவிலியர் பட்டம்: நான்காவது மாதத்தில் விட்டுவிடலாமா?

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 31. வணிகவியல் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நெடுநாள் ஆசையின் பேரில் அந்த வேலையை விட்டுவிட்டு, ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கான 16 மாத விரைவு நர்சிங் பட்டப் படிப்பில் சேர்ந்து இது நான்காவது மாதம். மருத்துவ, அறுவைசிகிச்சை நர்சிங் பாடத்தில் நான்கு தேர்வுகள். நான்குக்கும் சம மதிப்பு. சராசரி 77 இருந்தால்தான் தேர்ச்சி. முதல் தேர்வில் 74, இரண்டாவதில் 71 எடுத்திருக்கிறேன். இரவு ஒரு மணி வரை புத்தகத்தைக் கோடிட்டு, நிறம் நிறமாகக் குறிப்பெடுத்துப் படித்தும் இதுதான் நிலை. மருத்துவமனைப் பயிற்சி நாட்களில் விடியற்காலை நாலரைக்கு எழ வேண்டும். போன வாரம் பிபி பார்க்கப் போனபோது ஒரு முதியவர் “நான் செத்துப்போவேனா?” என்று கேட்டார். வாயடைத்து நின்றுவிட்டேன். வெளியே வந்ததும் வார்டு செவிலியர், “அவசரப் படிப்பு படித்து வருபவர்கள் எல்லாரும் இப்படித்தான்” என்றார். காரில் உட்கார்ந்து பத்து நிமிடம் அழுதேன். ஐந்து வயது மகனை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அது வேறு குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. படிப்பை விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராகவும் நர்சிங் ஆசிரியையாகவும் இருந்தவள் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது விட வேண்டாம். அதே சமயம், இப்போது படிக்கிற முறையில் இனி ஒரு வாரம்கூடத் தொடரவும் வேண்டாம். உங்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த உழைப்பில் பெரும்பகுதி, தேர்வும் கேட்காத, நோயாளியும் கேட்காத ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் அந்த வார்டு செவிலியரின் சொல்லுக்கு வருகிறேன். வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கான விரைவு நர்சிங் படிப்பை அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971இல் தொடங்கியது. அந்த வழியில் வந்தவர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வார்டுகளில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொதுப் பாடங்களை முதல் பட்டத்திலேயே முடித்துவிட்டீர்கள். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் போன்றவற்றைச் சேர்வதற்கு முன்பே முடித்திருப்பீர்கள். ஆகவே நர்சிங் பாடமும் பயிற்சியும் மட்டும் இடைவெளியில்லாமல் 16 மாதத்தில் அடைக்கப்பட்டிருக்கின்றன. உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் உங்களுக்கும் நான்காண்டு படித்தவருக்கும் ஒன்றே. சுருங்கியிருப்பது காலண்டர்தான், தரத்தில் யாரும் உங்களுக்குச் சலுகை காட்டவில்லை, காட்டவும் கூடாது.

காலண்டர் சுருங்கியிருப்பதால்தான் உங்கள் பழைய படிப்பு முறை இங்கே கைவிடுகிறது. முதல் பட்டத்தில் புத்தகத்தை வரிவரியாகப் படித்து, மனதில் ஏற்றி, தேர்வுத் தாளில் இறக்கிவைத்தால் மதிப்பெண் வந்தது. இங்கே வாரத்துக்கு முந்நூறு பக்கம் வாசிக்கச் சொல்வார்கள். அதை யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. முடிந்தாலும் பயனில்லை. ஏன் என்பதற்கு ஒரு கேள்வியைப் பாருங்கள். உங்கள் பொறுப்பில் நான்கு நோயாளிகள். ஒருவருக்கு வயிற்றில் அறுவை முடிந்து இது இரண்டாம் நாள். வலி பத்துக்கு ஆறு என்கிறார். இன்னொருவர் சர்க்கரை நோயாளி, ரத்தச் சர்க்கரை 190. மூன்றாமவர் பல ஆண்டுகளாகச் சிஓபிடி நுரையீரல் நோயுடன் இருப்பவர், ஆக்சிஜன் அளவு 90 சதவீதம். நான்காமவருக்குக் காலையில் தைராய்டு அறுவை நடந்திருக்கிறது. இப்போது அவர் மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்று ஓர் ஒலி கேட்கிறது. முதலில் யாரிடம் போவீர்கள்?

ஆக்சிஜன் 95க்குக் கீழே இறங்கினால் கவலைக்குரியது என்று மனப்பாடம் செய்தவர் மூன்றாமவரிடம் ஓடுவார். சிஓபிடி நோயாளிக்குப் பொதுவாக 88 முதல் 92 வரை என்பதே இலக்கு. 90 என்பது அவருக்குச் சரியான இடம். கழுத்தில் அறுவை நடந்தவருக்கு அந்தக் கீச்சொலி, ரத்தம் தேங்கியோ வீங்கியோ மூச்சுக்குழாய் நெரிபடுகிறது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம்; அவருக்கு இருப்பது நிமிடங்கள் மட்டுமே. இந்த நான்கு நோய்களைப் பற்றியும் உங்கள் நிறக் குறிப்புகளில் எல்லாமே இருக்கும். கேள்வி கேட்பது குறிப்பை அல்ல, எது யாருக்கு இயல்பு, எது யாருக்கு ஆபத்து என்ற தீர்மானத்தை. 2023 ஏப்ரலிலிருந்து என்கிளெக்ஸ் தேர்வே ஒரு நோயாளியின் நிலையைப் படிப்படியாகக் காட்டி இந்தத் தீர்மானத்தைச் சோதிக்கும் வகைக் கேள்விகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். நீங்கள் சொல்லும் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். உங்கள் ஆசிரியர்கள் தாளைக் கடினமாக்குவது அதை மனதில் வைத்துத்தான்.

ஆகவே படிக்கும் முறையை இப்படி மாற்றிப் பாருங்கள். இதயச் செயலிழப்பு என்ற பாடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை வாசியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், வெள்ளைத்தாளில் ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலி போல் எழுதுங்கள். இதயம் ரத்தத்தைத் தள்ளத் திணறுகிறது, ஆகவே நீர் தேங்குகிறது. நீரை வெளியேற்ற ஃபுரோஸ்மைடு கொடுக்கிறார்கள். அது சிறுநீரோடு பொட்டாசியத்தையும் கொண்டுபோகிறது. அவர் டிஜாக்சின் என்ற இதய மருந்தும் எடுப்பவராக இருந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் 3.5க்குக் கீழே இறங்கும்போது டிஜாக்சின் நச்சாக மாறும் ஆபத்து கூடுகிறது. ஆகவே அவர் “காலையிலிருந்து குமட்டுகிறது, விளக்கைச் சுற்றி மஞ்சளாகத் தெரிகிறது” என்றால் அது வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. மாத்திரை கொடுக்கும் முன் இதயத்தின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து முழு ஒரு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் சங்கிலி அறுந்து பேனா நிற்கிறதோ, அந்த இடத்துக்கு மட்டும் புத்தகத்தைத் திறங்கள். முப்பது பக்கக் குறிப்பு ஒரு தாளில் அடங்கிவிடும்.

இது என் சொந்த நம்பிக்கை மட்டும் அன்று. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். இரவு ஒரு மணிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது போல் இருப்பதும், தேர்வு நாளில் கையை விரிப்பதும் எதனால் என்று இப்போது புரிந்திருக்கும்.

அந்த ஒரு மணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியற்காலை நாலரைக்கு எழுந்தால் இரவு ஒன்பதரைக்கு நீங்கள் 17 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் 1997இல் காட்டியபடி, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. அதன் பிறகு மூன்றரை மணி நேரம் படிப்பது பாடத்தில் ஏறாது. மறுநாள் மருந்துக் கணக்கில் தவறாக வந்து நிற்கும். பயிற்சி நாளன்று இரவு ஒன்பதுக்கு மேல் புத்தகத்தைத் தொட வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த முதியவரின் கேள்விக்கு வாயடைத்து நின்றதை நீங்கள் தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க நர்சிங் அறிஞர் பட்ரீசியா பென்னர் 1980களில், செவிலியர் ஒருவர் புதியவராகத் தொடங்கிப் படிப்படியாகக் கைதேர்ந்தவர் ஆகும் பயணத்தை ஐந்து நிலைகளாக வகுத்துக் காட்டினார். ஆறு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் கைதேர்ந்தவராக இருந்துவிட்டு, 31 வயதில் மீண்டும் முதல் படியில் நிற்பது பதினெட்டு வயதில் நிற்பதைவிடக் கடினம். உங்கள் அழுகையில் பாதி அதற்கானது என்று நினைக்கிறேன். நான் முதலாண்டு மாணவியாக இருந்தபோது ஒரு பெரியவரின் மணிக்கட்டில் நாடி கிடைக்காமல் விரலை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தேன், முகம் வியர்த்துவிட்டது. அவர் தன் இன்னொரு கையால் என் இரண்டு விரல்களைப் பிடித்து, கட்டைவிரலுக்குக் கீழே இருந்த பள்ளத்தில் வைத்து, “இங்கே, மெதுவாக அழுத்தும்மா” என்றார். நாடி கிடைத்தது. இன்றும் யாருக்கு நாடி பார்த்தாலும் அந்தக் கை நினைவுக்கு வருகிறது.

இனி ஒருவர் அப்படிக் கேட்டால், “அதெல்லாம் ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றுக்கு உறுதி கொடுப்பதாகும் அது. அவர் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்வார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, “அப்படி நினைக்கும்படி என்ன ஆயிற்று, சொல்லுங்கள்” என்று கேளுங்கள். ராத்திரி மூச்சு முட்டியதைச் சொல்லலாம். பக்கத்துக் கட்டிலில் யாரோ இறந்ததைச் சொல்லலாம். கேட்டதை உங்கள் பயிற்சி ஆசிரியரிடமும் பொறுப்புச் செவிலியரிடமும் சொல்லுங்கள். தேர்விலும் இதே கேள்வி இந்த வடிவத்தில் வரும். பொய்யான ஆறுதல் எப்போதும் தவறான விடை.

உங்கள் பழைய வேலை வீண் என்று நினைக்காதீர்கள். டாக்டர் 0.25 மி.கி. எழுதியிருக்கிறார், மாத்திரை 0.125 மி.கி. என்றால் இரண்டு மாத்திரை என்பது எளிய கணக்கு. 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகப் படிக்கப்படலாம் என்பதால் முழு எண்ணுக்குப் பின் பூஜ்யம் போடக் கூடாது, .5 என்று எழுதினால் 5 ஆகலாம் என்பதால் முன்னால் பூஜ்யம் போடாமல் விடக் கூடாது என்பது மருந்துப் பாதுகாப்பின் அடிப்படை விதி. ஆறு ஆண்டுகள் தசமப் புள்ளியைக் காவல் காத்த கண் உங்களுடையது. மருந்துக் கணக்குத் தேர்வில் பல கல்லூரிகள் 90 சதவீதத்துக்கும் மேல் கேட்கின்றன. பலர் தடுக்கி விழும் அந்த இடத்தில் நீங்கள் நின்று விளையாடலாம்.

மாமியார் உதவுகிறார் என்றால் அதை முழு மனதோடு ஏற்றுக்கொள்ளுங்கள். “அத்தை, டிசம்பர் வரை இப்படித்தான் இருக்கும்” என்பது போல ஒரு முடிவு நாளைச் சொல்லிக் கேட்பது, தினமும் மன்னிப்புக் கேட்பதைவிட அவருக்கும் எளிது. மகனுக்கு நாளில் அரை மணி நேரம், செல்போன் இல்லாமல், அது போதும். கார் அழுகை வாரக்கணக்கில் தொடர்ந்தால், படுத்தும் தூக்கம் வராவிட்டால், கல்லூரியின் ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். உயிர் வாழ்வதே பாரம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988ஐ அந்த நொடியே அழையுங்கள்.

இனி உங்கள் கேள்வி. கணக்கு உங்களுக்கே தெரியும்: நான்கு தேர்வுக்கு 308 வேண்டும், 145 கையில் இருக்கிறது, மீதி இரண்டில் 163, அதாவது சராசரி 81.5. கடினம்தான், எட்டாதது இல்லை. இந்த வாரமே பாட ஆசிரியரிடம் நேரம் கேட்டு, இரண்டு தேர்வுத் தாள்களையும் அவர் முன்னால் பாருங்கள். தவறிய ஒவ்வொரு கேள்வியையும், பாடமே தெரியவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, இரண்டு விடை வரை வந்து தவறானதை எடுத்தீர்களா என்று பிரியுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் மூன்றாவது வகைதான் அதிகம் இருக்கும் என்று தோன்றுகிறது. அப்படியானால் தினம் இருபது கேள்விகள் செய்து, சரியாக விடை சொன்னவற்றுக்கும் ஏன் மற்ற மூன்றும் தவறு என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கல்லூரிக் காலண்டரில், தோல்வி என்று பதிவாகாமல் பாடத்திலிருந்து விலகுவதற்குக் கடைசி நாள் ஒன்று இருக்கும். அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். விலகினால் உங்களுக்குப் பின் வரும் அடுத்த மாணவர் அணியோடு எப்போது திரும்பச் சேரலாம், அதற்கு என்ன நிபந்தனை என்பதையும் ஆசிரியரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது தேர்வு அந்த நாளுக்கு முன்பு வருகிறதா என்று பாருங்கள். அதில் 80ஐ ஒட்டி எடுத்தால் அந்தத் தேதியை அடித்துவிட்டு நான்காவது தேர்வுக்குப் படியுங்கள். முறையை மாற்றி, தூங்கி, ஆசிரியரின் உதவியும் பெற்று, அப்போதும் 70ஐத் தாண்டவில்லையென்றால், அந்தப் பாடத்திலிருந்து விலகி அடுத்த அணியோடு வாருங்கள். நான் பாடம் நடத்திய ஆண்டுகளில் அப்படி ஒரு பருவம் தள்ளி வந்தவர்கள் சிலர், பின்னாளில் புதிய மாணவர்களை நான் நம்பி ஒப்படைத்த செவிலியர்கள் ஆனார்கள்.

அன்புடன்.