பதிவு இல்லாத புரோக்கரிடம் ஆறு லட்சம் கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டிருந்த விஷயம் இது: மாதவரத்தில் 24 வீடுள்ள புது அடுக்குமாடியில் 45 லட்சத்துக்கு ஒரு வீடு, அதற்குப் புரோக்கரிடம் ஏற்கெனவே ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டீர்கள். ஒப்பந்தம் போடும் முன்பே ஆறு லட்சம் கேட்கும் புரோக்கர், "இருபது வருஷமாக இந்த ஏரியாவில் இருக்கேன், எனக்கு எதுக்கு லைசென்ஸ்?" என்கிறார். தயவுசெய்து அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எட்டு வீட்டுக்கு மேல் உள்ள புதுத் திட்டம் என்றால் 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி பதிவு செய்தே விற்க வேண்டும். அதை விற்றுத் தரும் முகவருக்கும் தனிப் பதிவு வேண்டும். அந்த எண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் அவர் குறிப்பிட வேண்டும். மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம், வீட்டு விலையில் 5 சதவீதம் வரை ஏறும். பழைய வீட்டை ஒருவர் மறுவிற்பனை செய்வது வேறு கதை. உங்களுடையது அது இல்லை.

இன்னொன்று, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பில்டரே 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. உங்கள் கணக்கில் நாலரை லட்சம். ஆறு லட்சம் எப்படி வந்தது?

நீங்கள் படம் போட்டிருக்கும் ரசீதைப் பார்த்தேன்: வெள்ளைத்தாள், ரெவின்யூ ஸ்டாம்ப், புரோக்கர் கையெழுத்து. பில்டர் பெயரே இல்லை! அதுதான் எனக்குப் பெரிய கவலை. கொடுத்த ஐம்பதாயிரத்துக்கு பில்டரிடமே ரசீது கேளுங்கள். புக்கிங்கின்போது திட்ட ஆவணங்கள் உங்கள் கைக்கு வரச் செய்வது முகவரின் கடமை, அதையும் கேளுங்கள். அப்புறம் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்டம், முகவர் இரண்டு பெயரையும் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே புகார் கொடுக்கலாம்.